அக்சிலேற்றரில் பிழை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அக்சிலேற்றர்களில் ஒரு பிழையும் இருக்கவில்லை. ஆறு மின்சார சைக்கிள்கள், முறுக்குவதற்கு ஆறு கைப்பிடிகள், அவற்றுக்குள் மோட்டருக்கு 'ஓடு' என்று சொல்கிற ஆறு சின்னக் காந்தங்கள். எல்லாம் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தன. அன்றைய பயணத்தில் வேலையை ஒழுங்காகச் செய்தவர்களைக் கணக்கெடுத்தால் அந்தக் காந்தங்கள் முன்வரிசையில் நிற்கும்.

நான் பிரசாந்தி. பௌதிகவியலில் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுப் பட்டம். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் ஒருவரும் பல்கலைக்கழகத்துக்குள் போனதில்லை. அப்பா ஒருமுறை அதன் மதிலுக்குச் சீமெந்துக் கல் அரிந்து கொடுத்தார். அந்த வகையில் தொடர்பு உண்டு. பட்டம் எடுத்த பிறகு இரண்டு வருடமும் பத்து மாதமும் நேர்முகத் தேர்வுகளுக்குப் போவதையே தொழிலாகச் செய்தேன். கடைசியில் என்னைக் கூப்பிட்டு வேலை தந்தவர் தியாகராசா.

சுவிசில் முப்பத்து மூன்று வருடம் இருந்துவிட்டு, மூட்டுவலியோடும் ஒரு திட்டத்தோடும் ஊர் திரும்பியவர் அவர். மின்சார சைக்கிளில் யாழ் குடாநாட்டைச் சுற்றிக் காட்டுவது திட்டம். இரண்டு நாள், நூற்று இருபது கிலோமீற்றர், இடையில் பருத்தித்துறையில் தங்கல். அவருக்கு வயது அறுபத்திரண்டு. 'அங்கிள்' என்று கூப்பிட்டால் முகம் கறுத்துவிடும். "அண்ணை எண்டு கூப்பிடு பிள்ளை" என்பார். என் அப்பாவைவிட எட்டு வயது மூத்த அண்ணை.

மூன்று மாதம் தகுதிகாண் காலம் என்றார். அந்த மூன்று மாதமும் பாகம் பாகமாகச் சைக்கிள்களைப் பூட்டியது, பிரேக் இறுக்கியது, பற்றரி சார்ஜ் போட்டது, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அறுபது கிலோமீற்றர் ஓடிப் பார்த்தது எல்லாம் நான். ஒன்றுகூட வழியில் நின்றதில்லை. முதல் பயணத்துக்கு முதல்நாள் மாலை தியாகராசா அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நாளைக்கு ஆறு சைக்கிளும் பருத்தித்துறைக்கு ஓடிப் போய்ச் சேரவேணும். பின்னால பட்டா வரும். ஒண்டெண்டாலும் பட்டாவில ஏறிச்சுதெண்டால் பொறுப்பாளர் வேலை கோபிக்கு. ஏறேல்லையெண்டால் நிரந்தரக் கடிதம் உனக்கு. அடிச்சு வைச்சிட்டன், பாக்கிலதான் கிடக்கு," என்று தோளில் தொங்கிய பையைத் தட்டினார்.

பட்டா என்பது எங்கள் பக்கத்தில் சின்ன லொறிக்குப் பெயர். கோபி என்பது கோபிசங்கர். அண்ணையின் அக்கா மகன். அலுவலகத்தில் அவனுடைய வேலை, சைக்கிள்களோடு நின்று படம் எடுத்துப் போடுவது.

"அண்ணை, மூண்டு மாசமா இந்த வேலையைச் செய்யிறது நான்தானே. பிறகேன் சோதனை?"

"அதுதான் பிள்ளை. செய்யிற ஆளுக்குத்தானே சோதனை வைக்கலாம். அவனுக்கு என்னத்தில வைக்கிறது?"

இதில் அவர் பகிடி விடவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

மறுநாள் காலை ஆறரைக்குப் புறப்பாடு என்று நோட்டீசில் இருந்தது. கொக்குவிலில் எங்கள் அலுவலக முற்றத்தில் ஆறரைக்கு நிறைகுடம் வைத்தார்கள். ஏழு மணிக்கு விளக்கேற்றினார்கள். அதன் பிறகு வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, சிறப்புரை. சிறப்புரை ஆற்றியவர் சைக்கிள் ஓடினால் நீரிழிவு என்கிற சலரோகம் வராது என்று இருபது நிமிடம் பேசினார். அவருக்குச் சலரோகம் என்பது ஊருக்கே தெரியும்.

அன்றைய பயணிகள் கனடாவிலிருந்து வந்த ஆறு பேர். அவர்களுக்குத் தலைவர்போல வந்தவர் றோய். குருநகரில் பிறந்து, தொண்ணூற்றைந்தில் போய், வயிறும் வசதியுமாகத் திரும்பியவர். ஹெல்மெற்றைப் போட்டபடியே கதிரையில் இருந்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

தொழில்நுட்பப் பொறுப்பு என்னுடையது. புறப்படுமுன் சைக்கிள்களை ஒருதரம் பார்க்கவேண்டியவளும் நான்தான். ஆனால் வாசலில் நின்று விருந்தினருக்குப் பன்னீர் தெளிக்க, சேலை கட்டிய இளம்பெண் ஒருத்தி வேண்டுமாம். ஆண்களுக்குப் பன்னீர்ச்செம்பு பிடிக்கத் தெரியாது போலிருக்கிறது. அதனால் நான் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். எனக்குப் பின்னால், முற்றத்தில், கோபியின் தாய் பத்மாவதி அன்ரி வெள்ளித் தட்டோடு சைக்கிள் சைக்கிளாகப் போய்ச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் தானே அரைத்த சந்தனம், கடைச் சந்தனம் மாதிரித் தண்ணியாக இராது என்று யாருக்கோ சொல்லுவது கேட்டது. எங்கே எங்கே வைக்கிறார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அது என் பிழை. அன்றைக்கு நான் விட்ட பிழை அது ஒன்றுதான்.

எட்டு இருபத்தைந்துக்கு, சேலையை மாற்றிவிட்டு, ஏழாவதாக என் சொந்த லுமாலாச் சைக்கிளை மிதித்துக்கொண்டு முன்னால் போனேன். எனக்கு மின்சார சைக்கிள் ஒதுக்கவில்லை, ஆறுதான் இருந்தன. வழிகாட்டி மிதிக்க, பயணிகள் முறுக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

சுன்னாகம் தாண்டும்வரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. மல்லாகத்தில், தோட்டம் காட்டவேண்டும் என்று முதல்நாளே கோபி எழுதித் தந்தபடி உள்வீதிக்குத் திரும்பினோம். அங்கே றெயில் கேற் போட்டிருந்தது. எல்லோரும் பிரேக் பிடித்து நின்றோம். றெயில் போனது. கேற் திறந்தது.

"தங்கச்சி," என்றார் றோய். "முறுக்கிறன், சத்தமே இல்லை."

பின்னால் இன்னொருவர் கூப்பிட்டார். பிறகு ஒரு பெண். பற்றரி நிறைய இருந்தது. விளக்கு எரிந்தது. முறுக்கினால் மட்டும் மோட்டர் செத்த மாதிரிக் கிடந்தது. கேற்றைத் தாண்டி ஓடிய மற்ற மூன்று சைக்கிள்களும் அடுத்த சந்தியில், மாட்டு வண்டில் ஒன்றுக்காகப் பிரேக் பிடித்ததோடு நின்றுவிட்டன. ஆறும் நின்றாயிற்று. சுற்றிவர வெங்காயத் தோட்டம், மேலே ஆடிமாத வெயில், ஒரு பூவரச மர நிழலில் ஆறு கனடாக்காரர்.

அந்த நிரந்தரக் கடிதத்தை நான் இன்னும் கண்ணால் காணவில்லை. ஆனாலும் அது கைநழுவிப் போவது தெரிந்தது.

பட்டா வந்து நின்றது. கோபி இறங்கினான். கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள், உதிரியாக வாங்கி வைத்திருந்த புது அக்சிலேற்றர்கள். முகத்தில் கவலை மாதிரி ஒன்றைத் தேடினேன், காணவில்லை.

"எனக்குத் தெரியும். உது அக்சிலேற்றர் பிழை," என்றான்.

"என்னெண்டு தெரியும்?"

"முறுக்கினால் ஓடேல்லை. முறுக்கிறது அக்சிலேற்றர். வேறை என்ன?"

சொல்லிக்கொண்டே கட்டரை எடுத்து றோயின் சைக்கிளில் அக்சிலேற்றர் வயரைப் பிடித்தான்.

"கோபி, நில்லுங்கோ. முதல்ல ஒருக்கா மீற்றர் வைச்சுப் பாப்பம்."

"மீற்றர் வைச்சு வைச்சுத்தான் உங்களுக்கு மூண்டு வருசமா ஒருத்தரும் வேலை தரேல்லை," என்றான். சிலர் சிரித்தார்கள். கட்டர் 'டக்' என்றது.

புது அக்சிலேற்றரை முறுக்கிக் கட்டி ரேப் சுற்றினான். ஓடவில்லை. ஒரு சாதாரண மனிதன் இந்த இடத்தில், பிழை வேறு எங்கேயோ என்று யோசிப்பான். கோபி யோசித்தது வேறு: "புதுசும் பிழை. எல்லாம் ஒரே லொட்டில வந்தது." அதை உறுதிப்படுத்த இரண்டாவது சைக்கிளின் வயரை வெட்டினான். அதற்குப் போட்ட புதுசும் ஓடவில்லை. மூன்றாவதையும் வெட்டினான். ஆராய்ச்சி என்றால் இப்படி இருக்கவேண்டும்.

பிறகு மாமாவுக்குப் போன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி விட்டான்.

"மாமா, ஆறும் நிண்டிட்டுது. அக்சிலேற்றர். இவ ஓடிப் பாத்தனான் எண்டு சொன்னவ எல்லே? ஒண்டும் பாக்கேல்லைப் போல."

"பிள்ளை," என்றது தியாகராசா அண்ணையின் குரல். "உதை மெதுவா முறுக்கவேணும். பொம்பிளைப்பிள்ளையள் கண்டபடி முறுக்கினால் உப்பிடித்தான். சரி, பட்டாவில ஏத்துங்கோ."

"அண்ணை, எனக்கு ஒரு மணித்தியாலம் தாங்கோ."

"அரை மணித்தியாலம். வந்த சனம் வெயிலுக்க நிக்குது."

கோபி பட்டாவின் பின்கதவைத் திறந்து, சைக்கிள் ஏற்றுகிற பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு, அதன்மேலேயே குந்தியிருந்து மணிக்கூட்டைப் பார்த்தான்.

நான் அவன் கை வைக்காத சைக்கிள் ஒன்றை எடுத்தேன். அக்சிலேற்றர் வயரில் மீற்றரை வைத்தேன். முறுக்காமல் விட்டால் ஒரு வோல்ற்றுக்குக் கொஞ்சம் குறைய. முறுக்கினால் மூன்றரை. அப்படித்தான் வரவேண்டும். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. அக்சிலேற்றர் 'ஓடு' என்று கத்திக்கொண்டுதான் இருந்தது. அப்படியென்றால் வேறு யாரோ மோட்டருக்கு 'ஓடாதே' என்று சொல்கிறார்கள். சைக்கிளில் அந்த அதிகாரம் உள்ளது ஒன்றே ஒன்றுக்குத்தான்: பிரேக். பிரேக் பிடியின் அடியில் ஒரு சின்னச் சுவிச் இருக்கும். பிடியை அழுத்தினால் அது மோட்டரை நிறுத்திவிடும். பிடி முழுக்கத் திரும்பி வந்தால்தான் மோட்டர் மறுபடி ஓடும். பிடி ஒரு நெல்லளவு திரும்பாவிட்டாலும் மோட்டர் அசையாது.

ஆனால் பிரேக் பிடித்தபடி இருந்தால், கைப்பிடிக்கு நடுவே உள்ள சின்னத் திரையில் சிவப்பு அடையாளம் எரியவேண்டும். திரையைப் பார்த்தேன். அடையாளம் எரிகிற மூலையில், பத்து ரூபாய் நாணயக் குற்றி அளவுக்கு ஒரு பொட்டு. கீழே சந்தனம், மேலே குங்குமம். நகத்தால் சுரண்டினேன். உள்ளே சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. சைக்கிள் நின்ற நேரத்திலிருந்து அது உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதன் வாயில்தான் பொட்டு வைத்துவிட்டார்கள்.

குனிந்து பிரேக் பிடியின் அடியைப் பார்த்தேன். அந்த இடுக்கு முழுக்கச் சந்தனம். பெருவிரலால் அழுத்தி, நன்றாக அடைந்து வைத்த சந்தனம். வழியெல்லாம் செம்மண் தூசி அதில் படிந்து, வெயிலில் காய்ந்து, சீமெந்தாகிவிட்டது. ஈரமாக இருந்தவரை திரும்பி வந்த பிடி, அது இறுகியதும் பாதியில் நின்றுவிட்டது. பிடியை விரலால் வெளியே தள்ளினேன். 'கிளிக்' என்றது. கைப்பிடியை முறுக்கினேன். சைக்கிள் என் கையை இழுத்துக்கொண்டு பாய்ந்தது.

"ஓடுது!" என்று கத்தினேன். வெங்காயத் தோட்டத்தில் நின்ற இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

றோய் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, சந்தனமோ?"

"சந்தனம்தான்."

"எட கடவுளே. நான் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன். எனக்கும் நெத்தியில அப்பிவிட்டவ. நான் இன்னும் ஓடுறன்தானே!" அவர் சிரித்த சிரிப்பில் ஹெல்மெற் ஆடியது. மற்றவர்களும் சிரித்தார்கள். கோபி சிரிக்கவில்லை. பலகையிலிருந்து எழும்பி வந்தான்.

"அம்மா வைச்சது சாமிக்குப் படைச்ச சந்தனம். அதில பிழை சொல்லாதேங்கோ."

"நான் சாமியில பிழை சொல்லேல்லை, கோபி. உங்கடை அம்மாவின்ரை பெருவிரலிலதான் சொல்லுறன். ஏன் இந்த இடுக்குக்குள்ள வைச்சவ?"

"கைப்பிடியில வைச்சால் ஆக்களின்ரை கையில ஒட்டும் எண்டு, கை படாத இடமாப் பாத்து வைச்சவ," என்றான். பிறகு தான் சொன்னது தனக்கே கேட்டிருக்கவேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி, பல் துலக்குகிற பிறஷ் ஒன்றால் பன்னிரண்டு பிரேக் பிடிகளையும் கழுவினேன். பிறஷ் றோயின் மனைவியுடையது. இரவு தங்கலுக்குக் கொண்டுவந்தது. கோபி வெட்டிய மூன்று வயர்களையும் சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு என்று பொருத்திப் பழைய அக்சிலேற்றர்களையே மறுபடி கட்டினேன். புதுசு மூன்றின் வயரையும் அவன் ஒட்ட வெட்டிவிட்டிருந்தான். அவை இனி ஒன்றுக்கும் உதவாது. இருபத்தெட்டாவது நிமிடம் ஆறு சைக்கிளும் வீதியில் நின்றன. பட்டாவில் ஏறியது, வந்த மாதிரியே, கோபியும் பெட்டியும்.

காங்கேசன்துறையில் கடல் பார்த்தார்கள். தெல்லிப்பழைக்குத் திரும்பி வந்து சாப்பிட்டார்கள். அச்சுவேலி, தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை. றெயில் கேற்றும் மாடும் ஆடும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும் என்று எத்தனையோ இடத்தில் பிரேக் பிடித்தோம். ஒவ்வொரு முறையும் நான் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஆறும் வந்தன. மாலை ஐந்து பத்துக்குப் பருத்தித்துறைத் தங்கல் வீட்டு வாசலில் ஆறு சைக்கிளையும் வரிசையாக நிறுத்தினேன். என் கால் இரண்டும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருந்தன. ஆனால் சந்தோசம். அப்படி ஒரு சந்தோசம், பட்டமளிப்பு அன்றுகூட வரவில்லை.

தியாகராசா அண்ணை அக்காவோடு காரில் முன்னமே வந்திருந்தார். பூமாலை இரண்டு கொண்டுவந்திருந்தார்கள். ஒன்று றோய்க்கு. மற்றது கோபிக்கு. பத்மாவதி அன்ரி என்னைப் பார்க்கவில்லை, கண் சிவந்திருந்தது.

அண்ணை என்னை உள் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தாமல், குரலை மட்டும் சாத்தினார்.

"இரு பிள்ளை. நல்லாச் செய்தாய்." பையைத் திறந்து இரண்டு கடிதம் எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று என் நியமனக் கடிதம். என் பெயர், தலைப்பெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. கை நீளாமல் இல்லை. அவர் மற்றதைத்தான் என் பக்கம் தள்ளினார்.

சைக்கிள் இறக்குமதி செய்த கொழும்புக் கொம்பனிக்கு முறைப்பாடு. ஆறு அக்சிலேற்றர்களும் உற்பத்தியிலேயே பிழையானவை, பரிசோதித்து உறுதி செய்தேன் என்று, கீழே என் பெயர், அதன் பின்னால் பி.எஸ்சி., பௌதிகவியல்.

"அண்ணை, அக்சிலேற்றரில பிழை இல்லை."

"தெரியும் பிள்ளை. றோய் மத்தியானம் போன் எடுத்துச் சொன்னவர். சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவர். அதுதான் பிரச்சினை. அக்கா அதில இருந்து அழுகிறா."

"பிறகென்னத்துக்கு இது?"

"புதுசு மூண்டு வெட்டிக் கிடக்கு. பழசு மூண்டு ரேப்பில ஓடுது. கொழும்புக்காரன் மாத்தித் தரவேணுமெண்டால் தகுதியான ஆள் ஒண்டு எழுதவேணும். அக்காவுக்கும் ஒரு ஆறுதல். சந்தனத்தில இல்லை, சாமானிலதான் பிழை எண்டு."

"வெட்டினது கோபி. கோபி எழுதட்டன்."

அவர் என்னை விசரி மாதிரிப் பார்த்தார். "அவன் ஓ.எல். சோதினையே இரண்டு தரம் எடுத்தவன். அவன் எழுதினால் ஆர் மதிப்பான்? உன்ரை பேருக்குப் பின்னால படிப்பு கிடக்கு. அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு."

இரண்டு வருடமும் பத்து மாதமும் ஒருவருக்கும் தெரியாத மதிப்பு. அதைக் கடைசியில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார், ஒரு பெருவிரல் சந்தனத்தை மூடிவிட.

பேனாவை எடுத்தேன். பொய் சொல்லக்கூடாது என்ற பெரிய எண்ணம் எல்லாம் அந்த நேரம் வரவில்லை. அரைவாசி மனம் கையெழுத்து வைக்கத்தான் சொன்னது. வந்தது வேறு ஒரு படம். கொழும்பில் ஒரு மேசையில் யாரோ ஒருவர் அந்த அக்சிலேற்றரில் மீற்றர் வைக்கிறார். மூன்றரை வோல்ற் காட்டுகிறது. கடிதத்தைத் திருப்பி என் பெயரைப் பார்க்கிறார், படிப்பைப் பார்க்கிறார், பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிக்கிறார். கோபிக்கு அந்தச் சிரிப்பு வலிக்காது. எனக்கு வலிக்கும். அந்தப் படிப்புக்காக எங்கள் வீட்டில் என்ன என்ன விற்றார்கள் என்று எனக்குத் தெரியும்.

அச்சடித்த வரிகளைக் கோடு போட்டு வெட்டினேன். கீழே எழுதினேன்: அக்சிலேற்றர்கள் ஆறும் சரி. பிரேக் பிடிகளில் சந்தனம் காய்ந்து சுவிச்சைத் தடுத்தது. கழுவியதும் ஆறும் ஓடின. மூன்று அக்சிலேற்றர்களின் வயரும் புதிய மூன்றின் வயரும் சோதிக்காமல் வெட்டப்பட்டவை. இனிமேல் பிரேக் பிடியில் எதுவும் பூசவேண்டாம். கையெழுத்து வைத்தேன்.

அண்ணை வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார்.

"உனக்குப் பிழைக்கத் தெரியாது பிள்ளை," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என் நியமனக் கடிதத்தை எடுத்துப் பைக்குள் வைத்து மூடினார்.

"அண்ணை, நீங்கள் சொன்னது ஆறும் ஓடிப் போய்ச் சேர்ந்தால் எண்டு. சேர்ந்துது."

"சேர்ந்துதுதான். ஆர் இல்லையெண்டது?"

நான் எழும்பினேன். நாளையிலிருந்து வரத் தேவையில்லை என்று, நான் வாசல் தாண்டும்போது முதுகுக்குச் சொன்னார்.

கால் ஏலாது. லுமாலாச் சைக்கிளைத் தங்கல் வீட்டு மதிலோடு பூட்டிவிட்டு, பருத்தித்துறை பஸ் நிலையத்தில் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறி யன்னல் பக்கம் இருந்தேன். வெயில் இன்னும் முழுக்கச் சாயவில்லை. அம்மா போன் எடுத்தார்.

"என்னடி, கடிதம் தந்தவரோ?"

"இல்லை."

"சைக்கிள் நிண்டிட்டுதோ?"

"ஆறும் ஓடினது."

"பிறகென்ன?"

சொன்னேன். சந்தனத்தில் தொடங்கிக் கையெழுத்துவரை. முன்சீற்றில் இருந்தவர் பேப்பரைத் தாழ்த்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு கையெழுத்துத்தானேயடி. வைச்சிட்டு வந்திருக்கலாம்," என்றார் அம்மா.

"வைச்சனான் அம்மா. நடந்ததுக்குக் கீழ வைச்சனான்."

"உன்ரை குணம்..." என்று தொடங்கி, விட்டுவிட்டார். பஸ் புறப்பட்டது. "நாளைக்கு ஏழாலைத் தோட்டத்தில வெங்காயம் கிண்ட ஆள் காணாதாம். இன்னும் ரெண்டு பேர் கேட்டவை. வாறியோ?"

"ஓம், வாறன்."

"படிச்ச பிள்ளையெண்டு கூட்டித் தராயினம். எல்லாருக்கும் ஒரே கூலிதான்."

"கூட்டித் தரவேண்டாம் அம்மா. வேலையைச் செய்து முடிச்சால், சொன்னதைத் தருவினமோ எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ."

அம்மா யோசித்தார்.

"அது தருவினம்," என்றார்.